கார்பெட்ல நாய், பூனை உச்சா நாத்தம்: திரும்பி வராத மாதிரி எடுக்குறதுக்கு முழு வழிகாட்டி

எங்க வீட்ல ஒரு நாட்டு நாய், ரெண்டு பூனை. ஹால்ல ஆறுக்கு ஒம்போது அடி கார்பெட். முதல் கார்பெட்ட நானே தப்பு தப்பா க்ளீன் பண்ணி கடைசில குப்பைக்கு அனுப்பினேன், இப்ப இருக்குறது ரெண்டாவது, இதுலயும் நாலஞ்சு தடவ போயிருக்குதுங்க ஆனா நாத்தம் இல்ல. நடுவுல எங்க அபார்ட்மெண்ட்லயே ஏழெட்டு வீட்டுக்குப் போய் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், எல்லாரும் வழுக்கி விழுற எடம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால அந்த எடங்கள கொஞ்சம் இழுத்து சொல்றேன், பொறுத்துக்கோங்க.

முக்கியமா ரெண்டு விஷயம். உச்சா எவ்வளவு ஆழம் எறங்கிச்சோ அவ்வளவு ஆழத்துக்கு மருந்தும் எறங்கணும். அப்புறம் கார்பெட் அடி வரைக்கும் காயணும். இதுல ஒண்ணு விட்டாலும் நவம்பர் மழைல நாத்தம் திரும்பி வரும். ஏன்னா உச்சா காஞ்சதும் தண்ணி மட்டும்தான் போகுது, உப்பும் மத்த கழிவும் நூல்லயே உக்காந்துடும். காத்துல ஈரம் கூடினா அந்த உப்பு ஈரத்த இழுக்கும், பாக்டீரியா மறுபடி வேலைய ஆரம்பிக்கும், யூரியா உடைஞ்சு அமோனியா வரும். பூனை உச்சால இது போதாதுன்னு ஃபெலினின்னு ஒரு பொருள் வேற இருக்கு, அது உடையும்போது கந்தகம் கலந்த வாடை வரும், கருத்தடை பண்ணாத ஆண் பூனைக்கு அது ரொம்ப அதிகம். மூக்கத் துளைக்கும்னு சொல்றது அதைத்தான்.

1. கார்பெட்டுக்கு முன்னாடி நாய், பூனைய பாருங்க

இது வரைக்கும் ஒழுங்கா வெளிய போய்ட்டிருந்த நாய் திடீர்னு ஹால்ல போகுதுன்னா, மணல் டப்பால போற பூனை திடீர்னு கார்பெட்டுக்கு வருதுன்னா, முதல்ல வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட காட்டுங்க. மூத்திரப்பைல தொற்று, கல்லு, வயசான நாய்னா சர்க்கரை, கிட்னி இப்படி எதுவா வேணா இருக்கலாம். அத சரி பண்ணாம கார்பெட்ட கழுவினா ஓட்டைப் பானைல தண்ணி புடிக்கிற கதைதான்.

ஒண்ணு மட்டும் ரொம்ப முக்கியம். ஆண் பூனை அடிக்கடி போய் உக்காருது, முக்குது, ஆனா சொட்டு கூட வரல, இல்ல ஒண்ணு ரெண்டு சொட்டுதான் வருதுன்னா அது மூத்திர அடைப்பா இருக்கலாம், அன்னைக்கே, அந்த நேரமே ஓடணும். காலைல பாத்துக்கலாம்னு விட்டா உயிரே போயிடும்.

2. கையில இருக்க வேண்டியது

பாதி வேலைல கடைக்கு ஓடக்கூடாது, அதனால எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு ஆரம்பிங்க.

என்சைம் கிளீனர், குறைஞ்சது ஒரு லிட்டர். மேல மருந்துன்னு சொன்னது இதத்தான், உச்சாக் கழிவ உடைச்சு எடுக்குற திரவம். பெட் ஷாப்லயும் ஆன்லைன்லயும் கிடைக்கும், லேபிள்ல என்சைம்னோ நல்ல பாக்டீரியான்னோ தெளிவா போட்டிருக்கணும், வெறும் "ஓடர் ரிமூவர்"னு மட்டும் இருந்தா அது பாதி நேரம் சென்ட்டுதான். பழைய டவல் ஆறேழு, வெள்ளையா இருந்தா நல்லது, சாயத் துணி ஈரத்துல அதோட கலர கார்பெட்டுக்கு குடுத்துடும். யுவி டார்ச் ஒண்ணு, 365 நானோமீட்டர் கிடைச்சா நல்லது, 395 விலை கம்மி, அதுலயும் தெரியும் ஆனா மங்கலா. மாஸ்கிங் டேப். பெரிய பாலிதீன் ஷீட். ஆப்ப சோடா கால் கிலோ. டேபிள் ஃபேன். கனமா ஏதாவது, எங்க வீட்ல 20 லிட்டர் தண்ணி கேன்தான், முழுசா இருந்தா இருபது கிலோ, அதுக்கு மேல என்ன வேணும்.

நிறைய பேர் கேக்குற கேள்வி: ஆரஞ்சுத் தோல், வெல்லம், தண்ணி போட்டு மூணு மாசம் ஊற வச்ச பயோ என்சைம் வீட்ல இருக்கே, அது ஆகாதா? ஆகாது. தரை தொடைக்க அது நல்லாவே இருக்கும், நானும் வச்சிருக்கேன், ஆனா அது பெரும்பாலும் புளிச்ச தண்ணி, வினிகருக்கு தம்பி மாதிரி. பேர் ஒண்ணா இருக்குறதால வேலை ஒண்ணாகாது.

3. கிட்டயே வரக்கூடாதது

பினாயில், டெட்டால் ரெண்டையும் அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டுங்க. ரெண்டுலயும் இருக்குற ஃபீனால் வகை பொருள பூனையோட ஈரலால சரியா உடைச்சு வெளிய தள்ள முடியாது. கார்பெட்ல நடந்துட்டு பாதத்த நக்கும், அவ்வளவுதான். ரசகற்பூர உருண்டையும் அப்படித்தான், நாய்க்கும் விஷம் பூனைக்கும் விஷம். கார்பெட்டுக்கு அடில உருண்டை போட்டு வைக்கிற பழக்கம் சில வீட்ல இன்னும் இருக்கு.

ப்ளீச்சிங் பவுடர், ப்ளீச் எதுவும் உச்சா மேல படக்கூடாது. அதுல இருக்குற அமோனியாவோட குளோரின் சேந்தா குளோரமின்னு ஒரு வாயு கிளம்பும், நெஞ்சு எரியும், இருமல் நிக்காது. கார்பெட் கலர் போறது தனி. அமோனியா போட்ட கண்ணாடி கிளீனரும் வேணாம், அதோட வாடை நாய்க்கு "இதான் உன் எடம்"னு சொல்ற மாதிரி.

வெந்நீர், ஸ்டீம், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் எதுவும் வேணாம். சூடு பட்டா உச்சால இருக்குற புரோட்டீன் நூலோட ஒட்டிக்கும், கறையும் நிக்கும் நாத்தமும் நிக்கும். நான் முதல் கார்பெட்ட கொன்னதே இப்படித்தான், ஒரு ஸ்டீம் மெஷின வாடகைக்கு எடுத்து பெருமையா ஹால் பூரா ஆவி புடிச்சேன், அன்னைக்கு சாயங்காலம் வீடு பூரா பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் சாம்பிராணி. போடுங்க, வேணாங்கல, ஆனா அது கார்பெட்டுக்கு மருந்து இல்ல. கார்பெட் அந்தப் புகையையும் சேத்து குடிச்சு வச்சுக்கும், அடுத்த மழைக்கு சாம்பிராணி போட்ட உச்சா வாடை வரும்.

4. உங்க கார்பெட் என்ன வகைன்னு கண்டுபிடிங்க

இதத் தாண்டிப் போறவங்கதான் அதிகம், நஷ்டமும் அவங்களுக்குத்தான். ஓரத்துல இருந்து ஒரே ஒரு நூல் பிச்சு, இடுக்கில புடிச்சு, சிங்க் மேல வச்சு கொளுத்திப் பாருங்க. முடி கருகுற வாடை வந்து, சாம்பல் விரல்ல பொடியா உதிர்ந்தா கம்பளி. உருகி கெட்டி மணி மாதிரி ஆனா சிந்தெட்டிக். பேப்பர் எரியுற வாடைன்னா பருத்தியோ சணலோ.

சிந்தெட்டிக்னா கவலையே படாதீங்க, இந்த வழிகாட்டி முழுசும் அதுக்கு ஒத்து வரும். கம்பளின்னா என்சைம் கிளீனர் லேபிள்ல கம்பளிக்கு ஆகும்னு போட்டிருக்கான்னு பாருங்க, ஏன்னா கம்பளியும் ஒரு புரோட்டீன்தான், புரோட்டீன உடைக்கிற என்சைம் ரொம்ப நேரம் ஊறினா நூலையே அரிக்க ஆரம்பிக்கும். பட்டு கலந்த கார்பெட்னா வீட்ல கை வைக்காதீங்க, நேரா கடைசி பகுதிக்குப் போங்க. சணல் கார்பெட் முழுசா நனைஞ்சா காயும்போது பழுப்பா திட்டு விழும், அது போகாது, சின்னதா இருந்தா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குறதுதான் லாபம்.

பின்னாடி திருப்பியும் பாருங்க. முடிச்சு முடிச்சா டிசைன் அப்படியே தெரிஞ்சா கையால முடிச்சு போட்டது, தண்ணி தாங்கும். பின்னாடி ஒரு துணிய பசை போட்டு ஒட்டியிருந்தா நடுவுல லேடெக்ஸ் இருக்கு. அந்த லேடெக்ஸ் பழசானா அதுவே ஒரு புளிச்ச ரப்பர் வாடை அடிக்கும், ஒரு வீட்ல மூணு மாசமா பாவம் பூனையத் திட்டிட்டு இருந்தாங்க, கடைசில பாத்தா பசைதான்.

கலர் போகுமான்னு பாக்க, மூலைல கொஞ்சம் தண்ணி, அப்புறம் கொஞ்சம் கிளீனர் விட்டு, வெள்ளத் துணிய வச்சு ஒரு நிமிஷம் அழுத்துங்க. துணில கலர் ஏறினா நிறுத்திடுங்க.

5. எடத்தக் கண்டுபிடிக்கிறது

நம்ம வீட்டு நாத்தம் நமக்குத் தெரியாது, மூக்கு பழகிடும். காலைல ஜன்னல் தொறக்குறதுக்கு முன்னாடி வெளிய போய் பத்து நிமிஷம் நடந்துட்டு உள்ள வாங்க, அப்ப தெரியும். இல்லன்னா வீட்டுக்கு வர்ற யாரையாவது கேளுங்க, எங்க சித்தி வாசல்ல செருப்பு கழட்டும்போதே சொல்லிடுவாங்க.

ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சு, திரை இழுத்து விட்டு, யுவி டார்ச்ச தரையோட தரையா சாய்ச்சு அடிங்க. பழைய உச்சா மங்கலான மஞ்சள் பச்சையா தெரியும். தெரியுற எடத்தச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, சாக்பீஸ்ல வரைஞ்சா நனைஞ்சதும் காணாமப் போயிடும்.

இங்க ஒரு கூத்து இருக்கு. யுவில ஒளிர்றதெல்லாம் உச்சா கிடையாது. துணி சோப்புப் பவுடர் கொட்டின எடம் நீலம் கலந்த வெள்ளையா பளிச்சுன்னு இருக்கும், வெள்ளையாக்க அதுல கலக்குற பொருளோட வேலை. அத விட மோசம் மஞ்சள் தூள். சாம்பார், குழம்பு சிந்தின எடம் உச்சாவ விட பளபளன்னு மஞ்சள் பச்சையா ஒளிரும். எங்க பக்கத்து வீட்டு அக்கா முதல் தடவ டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ஹால் முழுக்க பூனை போயிருக்குன்னு உக்காந்து அழாத குறை, நான் போய் பாத்தா டிவி முன்னாடி வரிசையா திட்டு, அங்கதான் அவங்க பையன் தட்ட வச்சு சாப்பிடுவானாம். அதனால டார்ச் காட்டின எடத்துல மண்டி போட்டு மூக்க வச்சு முகர்ந்து பாருங்க. சந்தேகம்னா அந்த எடத்துல லேசா தண்ணி தெளிச்சு ரெண்டு நிமிஷம் கழிச்சு முகருங்க, உச்சாவா இருந்தா நாத்தம் எழும்பும்.

டார்ச்ச சோபா கால், செவுத்து அடிப்பக்கம், திரை ஓரம் எல்லாத்துலயும் அடிங்க. ஆண் பூனை நின்னுட்டே பின்னாடி பீச்சி அடிக்கும், செவுத்துல பட்டு ஓரமா வழிஞ்சு எறங்கும், நாம கார்பெட்ட மட்டும் தேய்ச்சிட்டு இருப்போம்.

6. கார்பெட்ட தூக்கி அடியப் பாருங்க

நம்ம ஊர்ல பெரும்பாலும் விரிச்சுப் போட்ட கார்பெட்தான், தரையோட ஒட்டினது இல்ல, இது பெரிய வசதி. தூக்கித் திருப்பிப் பாத்தீங்கன்னா மேல உள்ளங்கை அளவு கறை, பின்னாடி சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். உச்சா கீழ எறங்கி பக்கவாட்டுல பரவுறதுதான் காரணம். பின்பக்கம் தெரியுற அளவுதான் நிஜ அளவு, டேப்ப அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி ஒட்டுங்க.

அடில வழுக்காம இருக்கப் போடுற ஃபோம் ஷீட் இருந்தா, அது உச்சா குடிச்சிருந்தா, யோசிக்காம தூக்கிப் போடுங்க. அதுல நேரம் செலவு பண்றது வேஸ்ட்.

தரையையும் தொடைக்கணும். டைல்ஸ்னா இடுக்குல இருக்குற சிமெண்டுதான் உச்சாவ குடிக்கும், அதுல என்சைம் கிளீனர ஊத்தி பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு அரை மணி நேரம் விடுங்க. மார்பிள், மொசைக், கடப்பாக் கல் மேல வினிகரோ எலுமிச்சையோ கண்டிப்பா வேணாம், பாலிஷ் அரிச்சு வெள்ளத் திட்டு விழுந்துடும். மொசைக்ல இருக்குறதும் மார்பிள் சில்லுதான், மறந்துடாதீங்க.

7. முதல்ல வெறும் தண்ணி

எல்லாரும் இங்கதான் அவசரப்பட்டு நேரா என்சைம ஊத்துவாங்க. கார்பெட்ல ஏற்கனவே போட்ட ஷாம்பு, டெட்டால், வினிகர், ரூம் ஸ்ப்ரே எல்லாம் தங்கியிருந்தா என்சைம் சரியா வேலை செய்யாது, லிட்டர் கணக்குல காசு போயிடும். அதனால முதல்ல பழசு எல்லாத்தையும் தண்ணில கழுவி எடுக்கணும்.

கார்பெட்ட மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ தூக்க முடிஞ்சா தூக்குங்க. டேப் போட்ட எடத்துல ஒரு சொம்பு தண்ணி மெதுவா ஊத்தி, மேல டவல மடிச்சுப் போட்டு, அது மேல ஏறி நில்லுங்க. குதிகால்ல எடை குடுத்து எடம் மாத்தி மாத்தி நின்னா டவல் மஞ்சளா நனைஞ்சு வரும், மாத்துங்க. மறுபடி தண்ணி, மறுபடி டவல். டவல் கிட்டத்தட்ட வெள்ளையா வர்ற வரைக்கும், பொதுவா நாலஞ்சு தடவ.

தேய்க்காதீங்க. தேய்ச்சா நூல் பிரிஞ்சு அந்த எடம் மட்டும் பஞ்சு மாதிரி ஆயிடும், கறையும் ஓரத்துக்குப் பரவும். வெளில இருந்து நடுப்பக்கமா அழுத்தி எடுக்குறது மட்டும்தான்.

மே மாசம் மத்தியானத்துல செய்யாதீங்க, மாடி டேங்க் தண்ணி டீ போடுற சூட்ல வரும், வெந்நீர் வேணாம்னு மேல சொன்னது இதுக்கும் சேத்துதான். காலைல ஏழு மணிக்குள்ள புடிச்சு வச்ச தண்ணி போதும். போர் தண்ணி ரொம்ப உப்பா இருக்குற ஏரியான்னா கடைசி அலசலுக்கு கேன் தண்ணி ஒரு சொம்பு ஊத்துங்க, இல்லன்னா நூல் விறைப்பா காயும்.

8. என்சைம் ஊத்துறது (தெளிக்கிறது இல்ல)

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஸ்ப்ரே பாட்டில்ல ஒரு அழுத்துக்கு சுமாரா ஒரு மில்லிதான் வரும். இருபது தடவ அழுத்தினா இருபது மில்லி, கை வலிச்சிடும், நிறைய ஊத்தின மாதிரி தோணும். ஆனா நடுத்தர சைஸ் நாய் ஒரு தடவ போறது ஒரு டம்ளர் இருக்கும். டம்ளர் எறங்கின ஆழத்துக்கு இருபது மில்லி எப்படி எறங்கும்? மேல இருக்குற நூல் முனை மட்டும் சுத்தமாகும், அடில அப்படியே இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு "என்சைம் எல்லாம் ஏமாத்து வேலை"ன்னு திட்டுவாங்க.

அதனால ஸ்ப்ரே மூடிய கழட்டி ஊத்துங்க. டேப்புக்கு வெளிய நாலு விரல் தள்ளி வரைக்கும், உச்சா எவ்வளவு இருந்திருக்கும்னு நெனைக்கிறீங்களோ அதுக்குக் குறையாம. விரலால அழுத்தி எறக்குங்க, கார்பெட்ட ஓரமா தூக்கி பின்பக்கம் நனைஞ்சிருக்கான்னு பாருங்க. நனையலன்னா இன்னும் ஊத்துங்க, இல்ல பின்பக்கத்துல இருந்தும் ஊத்துங்க.

மேல பாலிதீன் ஷீட் போட்டு ஓரத்துல வெயிட் வைங்க. என்சைம் ஈரமா இருக்குற வரைக்கும்தான் வேலை செய்யும், காஞ்சா நின்னுடும். லேபிள்ல போட்ட நேரம்தான் கணக்கு, புதுக் கறைக்கு பதினஞ்சு நிமிஷம்னு இருக்கும், பழைய கறைக்கு நான் ஒரு ராத்திரி முழுக்க, பன்னெண்டு மணி நேரமாவது விடுறேன். கம்பளின்னா அவ்வளவு வேணாம், லேபிள்ல சொன்னதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட வேணாம். இந்த நேரத்துல ஃபேன் போடாதீங்க, ஏசி போடாதீங்க. அடுத்த ஸ்டெப்புக்குத்தான் ஃபேன், நெறைய பேர் இத மாத்திப் பண்றாங்க.

முதல் நாள் நாத்தம் கூடின மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, ஈரம் பட்டு உள்ள இருந்தது எல்லாம் எழும்பும், ஒண்ணு ரெண்டு நாள்ல எறங்கும். இதப் பாத்து பயந்து போய்தான் சிலர் நடுவுல சோப்பும் வினிகரும் ஊத்தி எல்லாத்தையும் கெடுத்துக்குறாங்க.

நாய் பூனைய அந்தப் பக்கம் விடாதீங்க, ரூம் கதவ சாத்திடுங்க.

9. காய வைக்கிறது

பாதி வேலை இதுதான், ஆனா இதுக்குத்தான் யாரும் பொறுமையா இருக்க மாட்டாங்க. ஈரத்தோட ஒரு நாளுக்கு மேல கெடந்தா பூசண வாடை ஆரம்பிக்கும், அப்புறம் அது உச்சாவா பூசணமான்னே தெரியாது.

முதல்ல புது டவல மடிச்சுப் போட்டு அது மேல தண்ணி கேன வைங்க, ஒரு மணி நேரம். காயும்போது அடில இருக்குற அழுக்கு நூல் வழியா மேல ஏறி வந்து முனைல தங்கும், திரி எண்ணெய் இழுக்குற மாதிரி. காஞ்சதும் போன கறை திரும்ப வந்துடுச்சேன்னு தோணுறது இதனாலதான். கேன் வச்சா அந்த அழுக்கு டவலுக்குப் போகும்.

அப்புறம் கார்பெட்ட ரெண்டு பிளாஸ்டிக் சேர் மேல போட்டு மேலயும் கீழயும் காத்து போற மாதிரி வச்சு டேபிள் ஃபேன அடிப்பக்கமா திருப்பி விடுங்க. மாடில போட்டா முகம் கீழ பாக்குற மாதிரி போடுங்க, நேர் வெயில் கலர வெளுக்கும், அதுபோக காக்கா வேற, ஒரு நாத்தத்த எடுக்கப் போய் இன்னொண்ண வாங்கிட்டு வரக்கூடாது. ஏர் கூலர் வேணாம், அது ஈரத்தத்தான் ஊதும். ஏசில டிரை மோடு இருந்தா போட்டு விடுங்க, மழை நாள்ல அது ஒண்ணுதான் காப்பாத்தும்.

முடிஞ்சா அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் வரைக்கும் பெரிய அளவுல ஆரம்பிக்காதீங்க. சென்னை மழைல மூணு நாள் ஆனாலும் அடிப்பக்கம் காயாது. பிப்ரவரி மார்ச் அருமையான நேரம்.

காஞ்சிடுச்சான்னு கையால தொட்டு சொல்ல முடியாது. பின்பக்கம் ஒரு சாண் பாலிதீன் வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி மூணு மணி நேரம் விடுங்க. உள்ள பொடிப் பொடியா நீர் கோத்திருந்தா இன்னும் காயல.

10. ஆப்ப சோடா, அப்புறம் மூக்கு பரிசோதனை

முழுசா காஞ்ச பிறகுதான் சோடா. ஈரத்துல போட்டா கஞ்சி மாதிரி ஆகி நூலுக்குள்ள கெட்டியாகிடும், எடுக்க முடியாது. காஞ்ச கார்பெட்ல மாவு சலிக்கிற சல்லடைல தூவி, ராத்திரி விட்டு, காலைல கார்பெட்ட திருப்பிப் போட்டு பின்பக்கம் தட்டுங்க, மிச்சத்த வேக்குவம்ல எடுங்க, ஃபில்டர உடனே தட்டிடுங்க, பொடி அடைச்சுக்கும். சோடா மிச்ச மீதி வாடைய எடுக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. உச்சாவ அது எடுக்காது.

சோடா மேல வினிகர் ஊத்துற வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. புஸ்ஸுன்னு நுரை வரும், பாக்க நல்லா இருக்கும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு மிஞ்சுறது உப்புத் தண்ணிதான். உச்சா உப்புக்கு மேல இன்னொரு உப்பு.

நாலு நாள் கழிச்சு லேசா தண்ணி தெளிச்சு முகர்ந்து பாருங்க. மழை வரும்போது என்ன ஆகும்னு இப்பவே தெரிஞ்சிடும். வாடை வந்தா 8ம் 9ம் மறுபடி, தண்ணி அலசல் வேணாம். ஒரு வருஷம் பழைய கறைக்கு ரெண்டு சுத்து சகஜம், மூணு சுத்து வரைக்கும் நான் பண்ணியிருக்கேன்.

11. ஹைட்ரஜன் பெராக்சைடு, கடைசி ஆயுதம்

சிந்தெட்டிக் கார்பெட், வெளிர் கலர், ரெண்டு சுத்துக்கு அப்புறமும் கறையோ நாத்தமோ போகல, அப்ப மட்டும். கம்பளி, பட்டு, அடர்த்தியான கலர் எதுக்கும் வேணாம், வெளுத்துடும்.

மெடிக்கல் ஷாப்ல கேட்டா பெரும்பாலும் 20 வால்யூம்னு போட்ட பாட்டில் குடுப்பாங்க, அது 6 சதவீதம். நமக்கு வேண்டியது 3, அதனால அதே அளவு தண்ணி சேத்துக்கோங்க. இத பாக்காம அப்படியே ஊத்தினவங்க கார்பெட்ல வெள்ள நிலா மாதிரி ஒரு வட்டம் இருக்கு, யார் வீடுன்னு சொல்ல மாட்டேன். 3 சதவீதம் ஆக்கினது ஒரு டம்ளர், பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, கையுறை போட்டுட்டு கலந்து, மூலைல சோதிச்சு, ஊத்தி, பதினஞ்சு நிமிஷத்துல டவல்ல ஒத்தி எடுத்து, தண்ணில ரெண்டு தடவ அலசி, காய வைங்க.

கலந்தத மூடி போட்டு எடுத்து வைக்காதீங்க, வாயு சேந்து பாட்டில் வெடிக்கும். வினிகரோடவும் கலக்காதீங்க, கண்ணு மூக்கெல்லாம் எரியுற ஆசிட் உருவாகும். பெராக்சைடும் என்சைமும் ஒரே நாள்ல வேணவே வேணாம், என்சைம அது கொன்னுடும்.

12. இப்பதான் போச்சுன்னா

புதுசுன்னா பத்து நிமிஷ வேலை, ஆனா ஓடணும். நாயத் திட்டிட்டு நிக்காதீங்க, அதுக்கு எதுக்குத் திட்டுறீங்கன்னு தெரியாது, அடுத்த தடவ சோபாக்குப் பின்னாடி ஒளிஞ்சு போகும், அவ்வளவுதான் நடக்கும். டவல மடிச்சுப் போட்டு ஏறி நில்லுங்க, மாத்துங்க, கார்பெட்டுக்கு அடிலயும் ஒரு டவல் போடுங்க. ஒரு சொம்பு தண்ணி, மறுபடி டவல். அப்புறம் என்சைம் ஊத்தி லேபிள்ல சொன்ன நேரம் விட்டு, ஒத்தி, ஃபேன். காயறதுக்கு முன்னாடி பண்ணிட்டா மேல சொன்ன பாதி வேலை மிச்சம்.

13. திரும்ப அதே எடத்துக்குப் போகாம

நமக்கு வாடை போயிடுச்சுன்னா அதுக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அதோட மூக்கு வேற லெவல். ரெண்டு மூணு வாரம் அந்த எடத்துல சேரோ டேபிளோ போட்டு மறைச்சு வைங்க. பூனைன்னா அது சாப்புடுற கிண்ணத்த அங்க வைங்க, சாப்புடுற எடத்துல பொதுவா போகாது. மணல் டப்பா எத்தனை பூனையோ அதுக்கு மேல ஒண்ணு, எங்க வீட்ல ரெண்டு பூனைக்கு மூணு டப்பா, இடம் அடைக்குதுன்னு ஒண்ண எடுத்த மாசம்தான் கார்பெட்ல போச்சு. கருத்தடை பண்ணலன்னா பண்ணிடுங்க, பீச்சி அடிக்கிறது நெறைய குறையும்.

14. வாஷிங்குக்கு குடுக்குறது, இல்ல விட்டுடுறது

பட்டு, பழைய கம்பளி, கையால முடிச்சு போட்டது இதெல்லாம் கார்பெட் கழுவுற ஆளுங்ககிட்ட குடுங்க. குடுக்கும்போது வெக்கப்படாம "இது நாய் உச்சா, இத்தனை மாசம் ஆச்சு, நான் இன்னது இன்னது ஊத்தியிருக்கேன்"னு சொல்லிடுங்க, டேப்ப எடுக்காம அப்படியே குடுங்க. சும்மா அழுக்குன்னு குடுத்தா மேல ஷாம்பு போட்டு மெஷின் ஓட்டித் திருப்பித் தந்துடுவாங்க, ஒரு தடவ எனக்கு அப்படித்தான் வந்துச்சு, வந்த அன்னைக்கு ரோஜா வாசனை, ஒரு வாரத்துல பழைய கதை. முழுசா தண்ணில முக்கி அலசுவீங்களா, எங்க காய வைப்பீங்க, இந்த ரெண்டையும் கேளுங்க. மேலயே தொடைச்சு குடுத்துடுவோம்னு சொன்னா வேற ஆளப் பாருங்க.

பின்பக்க பசை விட்டு நூல் கழண்டு வருது, விரல் வச்சு மடக்கினா மொறுமொறுன்னு உடையுது, இல்ல கறுப்பு பூசணம் பரவியிருக்குன்னா அதுக்கு மேல காசு போடாதீங்க. தூக்கிட்டு தரைய 6ல சொன்ன மாதிரி கழுவி, ஒரு வாரம் வெறும் தரையா விட்டு, அங்க வாடை இல்லன்னு முகர்ந்து பாத்துட்டு அப்புறம் புதுசு விரிங்க. நான் பழசத் தூக்கின அன்னைக்கே அவசரமா புதுச விரிச்சேன், டைல்ஸ் இடுக்குல மிச்சம் இருந்த வாடைக்கு நாய் மூணாவது நாளே அதே எடத்துல போச்சு.